வானத்தை அளந்த அன்னா மணி



பழைய சைக்கிள் டயரில் வெடிப்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் தாத்தா பாட்டி சீவிய பால்மரத்து ரப்பரை அப்படி வெடிக்க வைப்பதில், காற்றிலுள்ள ஓசோன் வாயுவுக்கும் பங்குண்டு. ஆனால் அதே ஓசோன், 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் படலமாக நின்று, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதை அளக்க இந்தியாவிலேயே கருவி செய்யத் தலைமை தாங்கியவர் அன்னா மணி அம்மையார்.

1918 ஆகஸ்டு 23-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். ஏலக்காய்த் தோட்டக் குடும்பம். எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத்தோடு கொடுப்பது வீட்டு வழக்கம். அது வேண்டாம் என்று கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கினார்! 1939-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். தோட்டை வேண்டாமென்றவர், அங்கே வைரக் கற்களின் ஒளியையே ஆராய்ந்தார். 1945-இல் ஆய்வேடு கொடுத்தபோது, முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டது.

மனம் உடைந்து உட்கார்ந்தாரா? இல்லை. அதே ஆண்டு லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்றார். 1948-இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பிழையான அளவைவிட அளவே இல்லாதது மேல் என்பது அவர் கொள்கை. பால் நிறுக்கும் இடத்தில் எடை பிசகினால் கூலியும் பிசகும் என்று கண்ட நமக்கு இது புரியாதா?

1960-களில் அவர் குழு ஓசோன் கருவியை உருவாக்கியது. அதைப் பலூனில் கட்டி மேலே விடுவார்கள். உள்ளே சிறு பம்பு காற்றை இழுத்து ஒரு கரைசலில் செலுத்தும். ஓசோன் எவ்வளவோ அதற்கேற்ற மின்சாரம் பிறக்கும். அந்த அளவு வானொலி அலையில் தரைக்கு வரும்.

1976-இல் ஓய்வு பெற்றார். 1985-இல், அண்டார்டிக்காவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைவதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஐஸ்பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் அடைத்த வாயுக்களே முக்கியக் காரணம். 1987-இல் மொன்றியல் நகரில் உலக நாடுகள் அவற்றைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. இன்று படலம் மெல்லத் தேறி வருகிறது. அந்தப் பனிக்கண்டத்திலும் இந்திய விஞ்ஞானிகள் தங்கள் நாட்டு ஓசோன் கருவியைப் பறக்கவிட்டு அளந்தார்கள். அம்மையார் 2001 ஆகஸ்டு 16-இல் மறைந்தார்.

பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று நினைக்கும் பெற்றோர்களே, அந்தத் தோட்டத்துச் சிறுமியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளைகளே, நீங்களும் கலங்க வேண்டாம். அவருக்கும் ஒரு பட்டம் கிடைக்காமல் போனது; வேலை நிற்கவில்லை!