திரும்பிய வழியும் வழியே

யான் கணிதம் கற்பிப்பவனல்லேன், இலக்கணம் கற்பிப்பவன். எனினும், தேர்விலே தவறி ஓராண்டு வீணாயிற்றென்று கண்கலங்கி என்னிடம் வந்த மாணவனுக்கு ஐசாக் நியூற்றனின் வரலாற்றையே கூறினேன்.

நியூற்றன் 1642இல், அக்காலத்து ஆங்கிலேய நாட்காட்டிப்படி நத்தார் நாளன்று, வூல்ஸ்தோப் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் முன்னரே இறந்துவிட்டார். கிராந்தம் நகரிற் பயின்றுகொண்டிருந்தவரைத் தாயார் பண்ணை பார்க்கும்படி வீட்டுக்கு அழைத்தார். அத்தொழிலில் அவர் மனஞ் செல்லாமையின் மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். 1661இல் கேம்பிறிட்ஜில் உள்ள திரினிற்றிக் கல்லூரியை அடைந்தார். 1665இல் கொள்ளைநோய் பரவப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. நியூற்றனும் புறப்பட்ட ஊருக்கே திரும்பினார்.

அங்ஙனம் திரும்பிய காலத்திலேதான் அவருடைய சிந்தனை நெடுந்தூரஞ் சென்றது. சென்ற தூரந் தெரியின் வேகங் காண்பதெப்படி, வேகந் தெரியின் தூரங் காண்பதெப்படி என்னும் இரு வினாக்களையும் ஆராய்ந்து, 1666 ஒற்றோபரில் ஒரு கட்டுரை வரைந்தார். வேகம் மாறாதாயின் காலத்தாற் பெருக்கினாற் போதும். கணந்தோறும் மாறுமாயின், காலத்தை மிக நுண்ணிய கூறுகளாக்கி ஒவ்வொன்றிலும் சென்ற தூரத்தைத் தொகுத்தல் வேண்டும். இன்று நாம் தொகையீடு என்பது இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு துணிக்கை செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்துடன் புறப்படுகின்றது, அவ்வேகம் செக்கன்தோறும் 2 மீற்றர் வீதம் குறைகின்றது. 3 செக்கனில் அது 9 மீற்றர் சென்று, கணப்பொழுது நிற்கும். பின்னர் வேகம் எதிர்க்குறி பெற, 6ஆம் செக்கன் முடிவிற் புறப்பட்ட இடத்தையே அடையும். முழுவதையும் ஒருங்கே தொகையிட்டால் விடை பூச்சியம். அஃது இடப்பெயர்ச்சி, தூரமன்று. தூரம் வேண்டின், வேகம் பூச்சியமாகுங் கணத்திலே கணக்கை இரண்டாகப் பிரித்து, பிற்பகுதியின் எதிர்க்குறியை நீக்கிக் கூட்டுக: 18 மீற்றர்.

நியூற்றன் 1667இல் கேம்பிறிட்ஜுக்கு மீண்டார், 1669இற் பேராசிரியரானார். இம்முறையை விரித்து 1671 அளவில் அவர் எழுதிய நூலோ, 1727இல் அவர் மறைந்து ஒன்பது ஆண்டு கழிந்த பின்னரே, 1736இல் அச்சேறியது.

இவ்வளவுங் கேட்ட மாணவன் ஒன்றும் பேசாது சென்றான். மறுநாட் காலை நன்னூலோடு வந்தான். தவறிய இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினோம்.