பௌதிக அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

திருச்சிராப்பள்ளி நகரைச் சார்ந்த எடமலைப்பட்டி புதூரில் யான் குடியிருக்கும் வீட்டுத் திண்ணையில், பரீட்சை நெருங்குங் காலத்துப் பௌதிகம் பயிலும் மாணவர் நால்வர் மாலைதோறும் கூடுவர். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை நடுவே பரப்பி, ஒருவர் அறியாததை மற்றொருவர் விளக்கிக் கணக்குகளைச் செய்து முடிப்பர். தமிழ் பயிலும் யானும் ஒருபுறம் அமர்ந்து கேட்பதுண்டு. ஒருநாள் அவருள் வல்லவர் ஒருவர் வாராது நின்றார். தாம் அரிதிற் கண்ட வழியைப் பிறர்க்கு உரைப்பின், அவர் தம்மை முந்திவிடுவர் என்று அஞ்சினார் போலும். அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. யாப்பிலக்கணக் குறிப்பேடு ஒன்றை யானும் நண்பர்க்குக் காட்டாது மறைத்ததுண்டு. இவ்வச்சம் தகுவதோ என்று எண்ணியபொழுது என் நினைவிற்கு வந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் என்னும் பெரியார்.

இவர் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழும் வடமொழியும் கற்றவர். மைந்தரும் இளமைதொட்டே அவ்விரு மொழிகளிலும் பற்றுடையராயினார். உயர்தரக் கல்வியை மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1937-இல் தாம்பரத்திற்கு மாறிய அக்கல்லூரி, அந்நாளில் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது.

பட்டம் பெற்றபின் அங்கேயே ரசாயனப் பகுதியில் செய்முறை காட்டும் உபாத்தியாயராக அமர்ந்தார். அவர் செய்த அருஞ்செயல் ஒன்று இக்காலத்தது. நண்பகல் உணவு வேளையில் மாணவர் எவரும் அவரிடஞ் சென்று பௌதிகம், கணிதம், ரசாயனம் ஆகியவற்றில் எவ்வினாவையும் எழுப்பலாம். சட்டதிட்டம் ஒன்றுமின்றி நடந்த அக்கூட்டத்தின் புகழ் பரவவே, அண்மையிலிருந்த பிற கல்லூரி மாணவரும் வரலாயினர். ஓய்வு கொள்ளும் பொழுதைப் பிறர் ஐயந் தீர்ப்பதிற் செலவிட்டதால் அவர் அறிவு குறைந்ததா? பாடத்தின் எப்பகுதியிலிருந்து எவ்வினா எழுமென்று அறியாது நாள்தோறும் விடையிறுப்பவர்க்கு, அதனினும் சிறந்த பயிற்சி வேறொன்று இருத்தல் அரிதென்றே யான் கருதுகின்றேன்.

1920-இல் அவர் கல்கத்தா சென்று பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியிற் பயின்றார். 1923-இல், நம் திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு பிறந்த ஸர் சி. வி. ராமன் அவர்களின் ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். 1928-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியரும் மாணவருமாகிய இருவரும் ஒரு வினாவை ஆராயலாயினர். திரவத்தினூடே சென்று சிதறும் ஒளி தன் நிறத்தை மாற்றிக்கொள்ளுமோ என்பதே அவ்வினா. சூரிய வெளிச்சத்தை ஒரு நிற வடிகட்டியின் வழியே திரவத்துட் செலுத்தினர். அவ்வடிகட்டி விடும் நிறத்தை முற்றும் தடுக்கும் மற்றொன்றைக் கண்ணுக்கு முன் வைத்தனர். நிறம் மாறாதாயின் இருளே தோன்றல் வேண்டும். ஆயின் ஒளி தோன்றியது! ஏறத்தாழ 60 திரவங்களில் இதனைக் கண்டு, அவ்வாண்டே இருவர் பெயரானும் வெளியிட்டனர். எனினும் அவ்விளைவு ராமன் பெயரையே தாங்கிற்று. 1930-இல் நோபெல் பரிசும் ராமன் ஒருவர்க்கே கிடைத்தது.

தாம் முன்னமே அடைந்திருந்த டாக்கா பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணன் தம் பணியை நிறுத்தினாரல்லர். சிறு படிகங்களை நுண்ணிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் அவை திரும்பும் அளவால் அவற்றின் உள்ளமைப்பை ஆராய்ந்தார். 1933-இல் கல்கத்தாவிற்கும், 1942-இல் அலகாபாத்திற்கும் பேராசிரியராகச் சென்றார். 1940-இல் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1946-இல் ஸர் பட்டம் பெற்றார். 1947-இல் டில்லித் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு முதல் தலைவரானார். 1954-இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1961-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் மறைந்தார்.

மாணவ நண்பர்காள்! பரீட்சையில் ஒருவர் முதலிடம் பெறின் மற்றவர் அதனை இழப்பர் என்பது உண்மையே. ஆயின் கல்வி அத்தகைய இடமன்று. தம் பெயர் நில்லாத பேற்றிலும் உழைத்தவர், நண்பகற் பசியிலும் பிறர் வினாவிற்குச் செவிசாய்த்தவர், எதனை இழந்தார்? பிறர்க்கு விளக்க முயலுங்கால் நம் விளக்கத்தின் ஓட்டை முதலில் நமக்கே புலனாகும். அதனை அடைப்பதே கற்றல். விடையை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளக் கொடுப்பதோ உதவியன்று. வழியைக் காட்டி அவரே நடக்கச் செய்வதுதான் உதவி.

திண்ணைக் கூட்டத்திற்கு வாராதிருந்த நண்பர்க்கு இவ்வரலாற்றை யான் இன்னும் கூறவில்லை. கூறுமுன் செய்யவேண்டுவது ஒன்றிருந்தது. மறைத்து வைத்த யாப்பிலக்கணக் குறிப்பேட்டை நேற்று மாலை உரியவரிடம் சேர்ப்பித்தேன். அதனைப் புரட்டிய அவர், இரண்டாம் பக்கத்திலேயே என் பிழை ஒன்றைச் சுட்டித் திருத்தித் தந்தார்.