நுங்கம்பாக்கத்தில் விண்மீன் ஒளியை அளந்தவர்

விலைவாசி உயர்வை அளக்கக் குறியீட்டெண் இருக்கிறது. நிலநடுக்கத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. விண்மீனின் ஒளியை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. அதை வகுத்தவர் தம் வாழ்நாளின் கடைசி முப்பது ஆண்டுகளைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் கழித்தவர் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. அவர் பெயர் நார்மன் ராபர்ட் போக்சன்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1829-ஆம் ஆண்டு பிறந்த போக்சன், லண்டனில் தனியார் வானாய்வகம் ஒன்றில் பயிற்சி பெற்று, 1852-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளரானார். அங்கிருந்தபோதுதான், 1856-இல், அவருடைய பெயரை நிலைநிறுத்திய பணி நிகழ்ந்தது.

பண்டைய கிரேக்கர்கள், கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஒன்றாம் தரம் முதல் ஆறாம் தரம் வரை பிரித்திருந்தனர். மிகவும் ஒளி மிக்கவை ஒன்றாம் தரம். கண்ணுக்கு அரிதாகப் புலப்படுபவை ஆறாம் தரம். தொலைநோக்கி வந்து இன்னும் மங்கலான விண்மீன்கள் தென்பட்டபோது, ஒவ்வொரு வானியலாளரும் தத்தம் கணிப்பில் தரம் பிரித்தனர். ஒருவரின் ஒன்பதாம் தரம் மற்றொருவருக்குப் பத்தாம் தரமானது.

ஒன்றாம் தர விண்மீனின் ஒளி ஆறாம் தர விண்மீனின் ஒளியைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. ஐந்து படிகளுக்கு நூறு மடங்கு என்றால், ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று போக்சன் வரையறுத்தார். இந்த எண்ணின் மடக்கை சரியாக 0.4. கணக்கிடுவோருக்கு அது பெரும் வசதி.

பொருளியல் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. நூறு ரூபாய் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் பத்து ரூபாயும், லட்சம் ரூபாய் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் பத்து ரூபாயும் ஒன்றல்ல என்பதை 1738-லேயே டேனியல் பெர்னூலி மடக்கையைக் கொண்டு விளக்கினார். மனித மனம் செல்வத்தையும், மனிதக் கண் ஒளியையும் கூட்டலாக அல்லாமல் விகிதமாகவே உணர்கின்றன.

சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளராக 1861-இன் தொடக்கத்தில் போக்சன் பொறுப்பேற்றார். அந்த ஏப்ரலிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். அவர் கண்டறிந்த எட்டுச் சிறுகோள்களில் ஐந்து சென்னையில் கண்டவை.

1863-ஆம் ஆண்டு மே மாதம், விருச்சிக மண்டலத்தில் ஒரு விண்மீன் திடீரென ஒளிர்ந்து விரைவில் மங்குவதைக் கண்டு பதிவு செய்தார். 'யு ஸ்கார்ப்பியை' என்று இன்று அழைக்கப்படும் அது, மீண்டும் மீண்டும் வெடித்தொளிரும் அரிய வகை. 1979, 2010, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அது ஒளிர்ந்தது. அந்த வரிசையின் முதல் பதிவு நுங்கம்பாக்கத்தில் எழுதப்பட்டது.

இந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றவர் தமிழகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. தெற்கு வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்த ரகுநாதாச்சாரி, பின்னர் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். போக்சனின் மகள் ஐசிஸும் வானாய்வகத்தில் கணக்கீட்டுப் பணி செய்தார். 1886-இல் மகளின் பெயரை அதே கழகத்துக்குத் தந்தை முன்மொழிந்தபோது, பெண் என்பதால் அது ஏற்கப்படவில்லை. 1920-இல்தான் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது.

போக்சனின் வாழ்க்கையில் ஒரு பெருங்குறையும் உண்டு. கண்டவற்றைக் காலத்தே அச்சேற்ற அவரால் இயலவில்லை. 1868-ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தை மசூலிப்பட்டினத்தில் ஆராய்ந்தபோது, பின்னாளில் ஹீலியம் என்று அறியப்பட்ட தனிமத்தின் மஞ்சள் கோட்டை அவரும் பார்த்துக் குறித்தார். ஆனால், அந்த அறிக்கை சென்னையில் அச்சாகி அரசுக் கோப்புகளோடு நின்றுவிட்டது. புகழ் பிறருக்குச் சேர்ந்தது. ஆள் பற்றாக்குறையாலும், எதையும் தாமே சரிபார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தாலும் பல்லாண்டுக் கால அளவீடுகள் தேங்கிக் கிடந்தன. 1891 ஜூனில் அவர் சென்னையிலேயே காலமானார். அவருடைய விண்மீன் அட்டவணையை முடித்து வெளியிடும் பொறுப்பு அடுத்து வந்தவர்கள்மீது விழுந்தது.

ஆயினும், அவர் தந்த அளவுகோல் நிலைத்தது. பல்லி மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் என்று 1929-இல் பட்டியலிடப்பட்ட 'பிஎல் லாசெர்ட்டே', உண்மையில் நம் விண்மீன் திரளுக்கு வெகு அப்பால் உள்ள வேறொரு திரளின் கொந்தளிக்கும் மையம் என்பது பின்னாளில் தெரியவந்தது. அத்தகைய திரள்களின் மையத்தில் உள்ள பெருங்கருந்துளை பொருளை விழுங்கும்போது வெளிப்படும் ஒளி, நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தையும் இன்றைய வானியலாளர்கள் போக்சனின் படிகளில்தான் குறிக்கின்றனர்.

1899-இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டைத் தாங்கியபடி நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. புயல் எச்சரிக்கைக்காக அந்த வளாகத்தை நினைக்கும் நாம், உலகின் ஒளி அளவுகோலோடு அதற்குள்ள உறவையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நம் ஆய்வு நிறுவனங்களுக்கும் இதில் பாடம் உண்டு. அளப்பது பாதி வேலை. அளந்ததை உரிய காலத்தில் உலகின் முன் வைப்பது மறுபாதி. முதல் பாதியில் போக்சன் நமக்கு வழிகாட்டி. மறுபாதியில் அவர் நமக்கு எச்சரிக்கை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).