வரவேற்பறையில் வளர்ந்த வணிகம்: பிரௌனி வைஸ்

நம் நாட்டில் டப்பர்வேர் டப்பா இல்லாத தமிழர் வீட்டுச் சமையலறையைக் காண்பது அரிது. அந்த டப்பாவைப் பள்ளியில் தொலைத்துவிட்டு வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்காத பிள்ளைகளும் அரிது. நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் என் பெரியம்மா டப்பர்வேர் விற்பனை செய்து வந்தார். சில சனிக்கிழமைகளில் எங்கள் தாமானில் யாராவது ஒருவர் வீட்டில் பெண்கள் கூடுவார்கள். மீ கோரேங்கும் தேநீரும் பரிமாறப்படும். பெரியம்மா ஒவ்வொரு பொருளாக எடுத்து, மூடியைத் திறந்து மூடிக் காட்டுவார். பெரியப்பாவிடம் கேட்காமல் அவர் தம் விருப்பப்படி செலவு செய்த முதல் பணம் அதில் கிடைத்த கமிஷன்தான்.

இந்த முறையைப் பெண்களுக்கு ஒரு தொழிலாக ஆக்கித் தந்தவர் யார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. டப்பாவின் அடியில் இருந்தது ஏர்ல் டப்பர் என்ற ஆணின் பெயர். பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு, ஒரு பாடத்திற்காக நேரடி விற்பனை பற்றிப் படித்தபோதுதான் பிரௌனி வைஸ் என்ற பெண்மணியை அறிந்தேன். அவருடைய வாழ்க்கையை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இளமைக் காலம்

பிரௌனி 1913-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாயார் தொப்பி தைக்கும் தொழிலாளி. தொழிற்சங்கத்திலும் தீவிரமாக ஈடுபட்டவர். தாயாருடன் பயணம் செய்த பிரௌனி பதின்ம வயதிலேயே தொழிற்சங்கக் கூட்டங்களில் மேடையேறிப் பேசினார். கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாற்றல் அங்கேதான் வளர்ந்தது எனலாம்.

1936-இல் ரோபர்ட் வைஸ் என்பவரை மணந்து டெட்ரோய்ட் வட்டாரத்தில் குடியேறினார். ஒரு மகன் பிறந்தான். ஆனால் இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் மணமுறிவு ஏற்பட்டது. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகனை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவர் தோளில் விழுந்தது. ஒரு நிறுவனத்தில் செயலாளராகப் பணிபுரிந்தார். அந்தச் சம்பளம் போதவில்லை.

வருமானத்தைப் பெருக்க, ஸ்டான்லி ஹோம் புரோடக்ட்ஸ் என்ற நிறுவனத்தின் துடைப்பான்களையும் துப்புரவுப் பொருள்களையும் வீடுகளில் கூட்டம் கூட்டி விற்கத் தொடங்கினார். ஆகவே, வீட்டு விருந்து முறையை அவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது பிழை. அது முன்பே இருந்தது. விற்பனையில் விரைவாக முன்னேறிய பிரௌனி, நிர்வாகப் பதவிக்கு உயர விரும்பினார். நிர்வாகம் பெண்களுக்கு உரிய இடமன்று என்று அந்நிறுவனத்தின் தலைவர் மறுத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த மறுப்பு அவரை வேறு பாதையில் திருப்பியது.

கடையில் விலைபோகாத பொருள்

ஏர்ல் டப்பர் சிறந்த கண்டுபிடிப்பாளர். பொலிஎத்திலின் என்ற நெகிழிப் பொருளைப் பண்படுத்தி, மென்மையான, உடையாத கிண்ணங்களை 1940-களில் உருவாக்கினார். சாயத் தகர டின்னின் மூடியைப் பார்த்து, காற்றும் நீரும் புகாத மூடியையும் வடிவமைத்தார். பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் கடை அடுக்குகளில் அந்தக் கிண்ணங்கள் தேங்கிக் கிடந்தன.

காரணம் எளியது. மூடியின் ஓரத்தைச் சற்றே தூக்கி, நடுவில் அழுத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். குழந்தையை ஏப்பம் விடச் செய்வது போன்ற வேலை அது. இதை யாராவது செய்து காட்டினால்தான் புரியும். கடையில் செய்து காட்ட ஆளில்லை.

பிரௌனி செய்து காட்டினார். 1940-களின் இறுதியில் டப்பர்வேரைக் கையில் எடுத்த அவர், 1950-இல் தாயாருடனும் மகனுடனும் புளோரிடா மாநிலத்திற்கு இடம் பெயர்ந்து விற்பனையை விரிவாக்கினார். திரவம் நிரம்பிய கிண்ணத்தை மூடி, அறையின் குறுக்கே தூக்கி எறிவார். ஒரு சொட்டும் சிந்தாது. கூடியிருந்த பெண்கள் வியந்து போவார்கள்.

பொருள்கள் நேரத்திற்கு வந்து சேராததால் பொறுமையிழந்த பிரௌனி, 1951-இல் ஏர்ல் டப்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். டப்பர் கோபப்படவில்லை. அவரை நேரில் அழைத்துப் பேசினார். அதன் விளைவாக டப்பர்வேர் கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டு, வீட்டு விருந்துகளில் மட்டுமே விற்கப்பட்டது. அந்த விற்பனைப் பிரிவின் துணைத் தலைவராகப் பிரௌனி நியமிக்கப்பட்டார்.

பெண்களுக்குத் திறந்த கதவு

அந்தக் காலத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஆலைகளில் வேலை செய்த பெண்கள் பலர், ஆண்கள் போர்முனையிலிருந்து திரும்பியதும் வேலையிழந்தனர். மணமான பெண் வீட்டில் இருப்பதே சிறப்பு என்று சமுதாயம் கருதியது. இந்நிலையில், சான்றிதழும் முதலாளியின் நேர்முகத் தேர்வும் இல்லாமல், தம் வரவேற்பறையிலிருந்தே தொடங்கக்கூடிய ஒரு தொழிலைப் பிரௌனி முன்வைத்தார். விருந்து நடத்தும் இல்லத்தரசிக்கு அன்பளிப்பு, விற்பவருக்குக் கமிஷன், புதிய விற்பனையாளர்களைச் சேர்த்துப் பழக்குபவருக்கு மேலாளர் பதவி. 1954-இல் சுமார் 20,000 பேர் இந்த அமைப்பில் இருந்தனர்.

கமிஷனைவிடப் பாராட்டே அப்பெண்களை ஈர்த்தது என்று நான் கருதுகிறேன். ஆண்டு முழுவதும் சமைத்துத் துவைத்தாலும் ஒருவரும் நன்றி சொல்லாத வாழ்க்கை அது. பிரௌனி அவர்களுடைய பெயரை மேடையில் அழைத்துக் கைத்தட்டல் வாங்கித் தந்தார். புளோரிடாவின் கிஸ்ஸிமி நகருக்கு அருகிலிருந்த தலைமையகத்தில் ஆண்டு விழாக்களை நடத்தினார். 1954-ஆம் ஆண்டு விழாவில் சுமார் 600 பேர் மண்வெட்டியுடன் நிலத்தைத் தோண்டி, புதைத்து வைக்கப்பட்ட பரிசுகளை எடுத்தனர். பொம்மைக் கார் கிடைத்தவருக்கு உண்மையான கார் வழங்கப்பட்டது.

அதே ஆண்டில் பிஸ்னஸ் வீக் இதழ் பிரௌனியின் படத்தை அட்டையில் வெளியிட்டது. அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே.

குறைகளும் இல்லாமல் இல்லை. வட்டார விநியோக உரிமை பெரும்பாலும் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. மனைவி வளர்த்த வணிகத்தை நடத்த, கணவர் தம் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். கதவைத் திறந்தவர் பெண். மேசையின் தலைமாட்டில் அமர்ந்தவர் பல வேளைகளில் ஆண்.

ஒரே நாளில் எல்லாம்

காலப்போக்கில் டப்பருக்கும் பிரௌனிக்கும் இடையே விரிசல் வளர்ந்தது. டப்பர் புகழை விரும்பாதவர். பத்திரிகைகளோ நிறுவனத்தின் வெற்றிக்குப் பிரௌனியையே காரணமாகக் காட்டின. பிரௌனியும் பிறர் சொல்லை எளிதில் ஏற்பவரல்லர், செலவிலும் தாராளமானவர். 1958-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

அன்றுதான் உண்மை வெளிப்பட்டது. அவர் கட்டியெழுப்பிய நிறுவனத்தில் அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. அவர் வாழ்ந்த ஏரிக்கரை மாளிகையும் அவருக்குச் சொந்தமன்று. வழக்குத் தொடுத்தார். இறுதியில் ஓராண்டுச் சம்பள அளவான ஏறக்குறைய 30,000 டாலர் மட்டுமே கிடைத்தது. அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை ரெக்ஸால் நிறுவனத்திற்கு 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். பிரௌனி எழுதிய நூலின் எஞ்சிய பிரதிகள் மண்ணில் புதைக்கப்பட்டன. பரிசுகளைப் புதைத்து மகிழ்வித்தவரின் நினைவையே புதைத்துவிட்டார்கள்.

பின்னர் அவர் சின்டெரல்லா என்ற பெயரில் ஒப்பனைப் பொருள் விற்பனையைத் தொடங்கினார். அது வெற்றி பெறவில்லை. 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தம் 79-ஆம் வயதில், கிஸ்ஸிமியிலேயே காலமானார். அவர் பெயர் மீண்டும் பேசப்படப் பல ஆண்டுகள் ஆயின. 2004-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆவணப்படம் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. டப்பர்வேர் நிறுவனமோ 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடன் சுமையால் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது.

நாம் எண்ண வேண்டியது

பிரௌனி வைஸைத் தோல்வியுற்றவர் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தம் உழைப்புக்கும் விலையுண்டு என்பதை அவரால் உணர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். பல்லாண்டுகளுக்குப் பிறகு எங்கள் தாமானில் மீ கோரேங் தட்டுகளுக்கு நடுவே நின்று பேசிய என் பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர்.

எனினும், அவர் வாழ்க்கையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கைத்தட்டல் வேறு, உரிமை வேறு. பட்டம் பெற்று வேலைக்குப் போகப்போகும் நாம், குறிப்பாகத் தோழியர், உழைப்பதோடு நின்றுவிடாமல், கையெழுத்திடும் தாளில் நம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். சென்ற விடுமுறையில் பிரௌனியின் கதையைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அனைத்தையும் கேட்டுவிட்டு, அந்த அம்மா வீட்டையாவது தன் பேரில் எழுதி வாங்கியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். பிறகு எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். டப்பாவை மறக்காமல் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்.