ஜி. டி. நாயுடு: கருவியை அறிந்த கை

தேரோட்டம் கண்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று பெரிய தேரின் வடத்தைப் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுடைய பலத்தாலேயே தேர் நகர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீதி முனையில் தேரைத் திருப்புவதும், வேகம் மிஞ்சாமல் தடுப்பதும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுக்கத் தெரிந்த சிலருடைய வேலை. கட்டை ஒரு விரற்கடை தடித்துப் போனாலும் மெலிந்து போனாலும் தேர் தன் வழியை விட்டு விலகும். ஊரார் வடம் பிடித்ததைப் பேசுவார்கள். கட்டை செதுக்கிய தச்சனைப் பற்றிப் பேசுவாரில்லை.

தேச விஷயத்திலும் நாம் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறோம். பிரசங்கம் செய்தவர்களையும் சிறை புகுந்தவர்களையும் போற்றுகிறோம், அது நியாயமே. ஆலை நிறுவியவர்களையும் போற்றுகிறோம். 1936-ல் ஸ்ரீ பி. ஏ. ஸி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்தபின் இந்தப் பிரதேசம் அடைந்த மாறுதலை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நூற்பு யந்திரம் நின்று போனால் அதை அவிழ்த்து மறுபடி ஓடச் செய்யும் ஃபிட்டரை நாம் எந்த மேடையில் ஏற்றினோம்? அவருடைய பெட்டியில் கிடக்கும் ஸ்பானரும் ராட்செட்டும் குறடும் திருப்புளியும் நம்மவர் கண்ணுக்கு வெறும் இரும்பு. வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டுக் கும்பிடுகிறோம். மறுநாள் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கவும் மனமின்றித் துருவேற விடுகிறோம். இத்தகைய நாட்டில் பிறந்து, கருவியைத் தம் கையின் ஓர் உறுப்பாகவே கொண்டு வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தை நம் வாலிபர்கள் அறிதல் அவசியம். கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவையே குறிப்பிடுகிறோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ந் தேதி, கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புக்களோடு படிப்பு நின்றது. பிறகு தமிழ்ப் புத்தகங்களைத் தாமே தேடிப் படித்து அறிவை விருத்தி செய்துகொண்டார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார ரெவினியூ உத்தியோகஸ்தர் ஒருவர் அப்பக்கத்தில் அதில் ஏறி வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி அது. மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அக்காலத்தில் காண்பது அபூர்வம். கண்டவர்கள் அதிசயித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். துரைசாமியின் மனம் மட்டும் போகவில்லை. கோயமுத்தூருக்குச் சென்று ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சுமார் மூன்று வருஷம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சில நூறு ரூபாய் சேர்த்து, வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி நாலு வீதி சுற்றி வந்து ஊராரின் பொறாமையைச் சம்பாதித்திருக்கலாம். துரைசாமி அந்த யந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றினார். கழற்றியதை மறுபடி பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. கண்ணும் கையும் கருவியுமே ஆசிரியர். எத்தனையோ பேர் அந்நிய யந்திரத்தை வாங்கினார்கள். அது நின்றால் விற்ற கம்பெனிக்கு ஆள் அனுப்பினார்கள். இவர் தாமே அதனுள் புகுந்து பார்த்தார்.

ஒரு மரையைக் கழற்றுவது அற்பக் காரியம்போலத் தோன்றும். கழற்றிப் பார்த்தவருக்கே அதன் சூட்சுமம் தெரியும். ஸ்பானரின் வாய் மரையின் ஆறு பக்கங்களில் எதிரெதிரான இரண்டை இடைவெளியின்றிக் கவ்வ வேண்டும். சற்றே தளர்ந்திருந்தாலும் பலமெல்லாம் மூலையில் விழுந்து மரை மழுங்கும். மழுங்கிய மரையைப் பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்பானரின் எஃகு மிருதுவாயிருந்தால் வாய் விரிந்துவிடும். மிதமிஞ்சிக் கடினமாயிருந்தால் ஒடியும். பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கி, தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் பார்த்து எடுத்தாலன்றி இவ்விரு குற்றங்களும் நீங்கா. ராட்செட்டின் உள்ளே பல்சக்கரம் ஒன்றும், அது பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் நாக்கு ஒன்றும் இருக்கின்றன. சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால் கையை 15 பாகை அசைத்தாலே வேலை நடக்கும். 72 பற்கள் இருந்தால் 5 பாகை போதும். என்ஜினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, முழங்கை மடக்க இடமில்லாத சந்தில் வேலை செய்கிறவனுக்கு அந்த 10 பாகை வித்தியாசம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை அவனைத்தான் கேட்க வேண்டும்.

நாயுடுவின் கதையைத் தொடருவோம். முதல் மகா யுத்த காலத்தில் பருத்தி அரவைத் தொழிலில் பணம் சேர்த்தார். அதைக் கொண்டு பம்பாய் சென்று பருத்தி வியாபாரத்தில் இறங்கி, முழுவதையும் இழந்து திரும்பினார். வியாபாரச் சூது அவருக்குக் கை கொடுக்கவில்லை என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. கோயமுத்தூரில் ஆலைத் தொழிலைத் தொடங்கி வைத்த ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அவரிடம் நம்பிக்கை வைத்து உதவினார். 1920-ல் ஒரு மோட்டார் பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தொழில் தொடங்கினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே, வழியில் நின்றால் அடியில் படுத்து ரிப்பேர் செய்பவரும் அவரே. இதிலிருந்து வளர்ந்ததுதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு. எம். எஸ். 1930-களில் இருநூறுக்கு மேற்பட்ட பஸ்கள் அதன் பெயரால் ஓடின.

அத்தனை பஸ்களைக் காலந் தவறாமல் ஓட்டுவது என்ன பாடு என்பதை இன்றைய வாசகர்கள் உணர்வது கடினம். அளவே ஒரு பெருந்தொல்லை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் திருகுப்புரிக்கு ஒரு பொது அளவு வேண்டுமென்று யோசனை கூறும் வரையில் இங்கிலாந்திலேயே ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி புரி வெட்டி வந்தது. அவர் வகுத்த அளவு ஆங்கில யந்திரங்களுக்கு ஆயிற்று. அமெரிக்கர் வேறு அளவு வைத்தனர். ஜெர்மானியர் மில்லிமீட்டரில் கணக்கிட்டனர். ஆங்கில ஸ்பானரில் அரை அங்குலம் என்று பொறித்திருந்தால் அது போல்ட்டுத் தண்டின் கனம். ஸ்பானரின் வாயோ ஏறக்குறைய 0.92 அங்குலம். அமெரிக்க ஸ்பானரில் அரை அங்குலம் என்றால் வாயின் அகலமே அரை அங்குலம். நம் சாலைகளில் அமெரிக்க ஷெவர்லேயும் ஃபோர்டும் ஆங்கில வண்டிகளும் கலந்து ஓடிய காலம் அது. எந்த மரைக்கு எந்த ஸ்பானர் என்று அறியாத பட்டறையில் நல்ல மரைகளெல்லாம் ஒரு மாதத்தில் மொட்டையாகிவிடும். கடல் கடந்து உதிரிப் பாகம் வரும் வரையில் பஸ் நிற்கும். கூலி வேலைக்குப் போகிறவன் நடப்பான். பட்டறை ஒழுங்கு என்பது பிரயாணிகளுக்குச் செய்யும் சேவையே என்பதை யு. எம். எஸ். நம்மவருக்குக் காட்டியது.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோயமுத்தூரை எட்டியது. மின்சாரம் நம் மலையிலிருந்து வந்தது. அதைக் கொண்டு சுழலும் மோட்டாரோ கப்பலில் வந்தது. இந்த அவமானத்தைத் தீர்க்க முன்வந்தவர்களில் நாயுடுவும் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவும் முக்கியமானவர்கள். பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் 1937-ல் மின்சார மோட்டார் தயாராயிற்று. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் அதுவே என்று கூறுவர். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்ற பெரிய யந்திரத் தொழிற்சாலையை நிறுவினார். 1944-ல் பாபநாசம் மின்சாரத் திட்டம் வேலை தொடங்கியபின் தென் ஜில்லாக்களிலும் கமலை ஏற்றத்தின் இடத்தை மெள்ள மெள்ள மோட்டாரும் பம்பும் பிடித்தன. அவற்றில் பெரும்பகுதியை நமக்கு அனுப்பி வைத்த நகரம் கோயமுத்தூர். ஸ்ரீவில்லிபுத்தூர் சம்சாரி ஒருவர் சுவிட்சைத் தட்டித் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அந்தப் பீளமேட்டுப் பட்டறையை நினைக்கக் காரணம் உண்டு.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நாயுடு பல முறை பிரயாணம் செய்தார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சவ ஊர்வலத்தைத் தம் காமிராவால் சினிமாப் படம் பிடித்தார் என்பது பலருக்கு வேடிக்கையாயிருக்கும். நமக்கு அதைவிட முக்கியமானது அவர் செய்த க்ஷவரக் கத்தி. உலர்ந்த பாட்டரியால் சுழலும் சின்னஞ்சிறு மோட்டார் வைத்த ரேஸரை ரஸாந்த் என்ற பெயருடன் வெளியிட்டார். மிக மெல்லிய பிளேடும் செய்தார். ஸ்பானருக்கு வேண்டிய எஃகு ஒடியாமல் தாங்கும் எஃகு. பிளேடுக்கு வேண்டியதோ மழுங்காத கடினமுடைய எஃகு. இரண்டின் பதமும் தெரிந்தவன்தான் உலோகத்தை அறிந்தவன். பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் என்று அவர் கைபட்டவை பல. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார்.

1945-ல் அவருடைய முயற்சியால் கோயமுத்தூரில் தொழிற் கல்விச் சாலைகள் தோன்றின. அவற்றுக்குச் சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை இட்டது தேசீயவாதிகளுக்கு உவப்பாயிருந்திராது. பெயர் எதுவாயினும் காரியம் நாட்டினுடையது; இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து பிறந்ததே. கல்லூரிக்கு நாயுடுவே தலைவராக இருந்தார். நான்கு வருஷப் படிப்பு வீண் காலவிரயம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கொள்கை. சர்க்கார் ஒப்பவில்லை; அவர் விலகிக்கொண்டார். அவர் சொன்னதை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. அணையும் பாலமும் கணக்கிடுபவனுக்குக் கணித சாஸ்திரம் ஆழமாக வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. ஆனால் கையில் அரம் பிடித்து ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக்கத் தெரியாதவனுக்கு இஞ்சினீயர் பட்டம் தரலாமா என்ற கேள்விக்கு இன்றைக்கும் யாரும் நல்ல பதில் சொல்லவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பாடம் இரண்டே வருஷம். அது அரம் பிடிப்பதிலிருந்துதான் ஆரம்பமாகிறது.

சுதந்திரம் வந்தபின் நடந்ததைச் சொல்லும்போது மனம் கசக்கிறது. 1952-ல் இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் என்றார். உற்பத்தி செய்ய சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1951-ல் நிறைவேறியிருந்த காலம். எஃகும் அந்நியச் செலாவணியும் அரிதாயிருந்த நாட்டில் கட்டுப்பாடு அவசியம் என்று சர்க்கார் தரப்பில் வாதிக்கலாம்; அந்த வாதத்தில் சாரமில்லை என்று நாம் சொல்லவில்லை. எனினும் அந்நிய ஆட்சியில் பஸ்ஸும் மோட்டாரும் ரேஸரும் செய்த கையை நம்முடைய சொந்த சர்க்கார் காகிதத்தால் கட்டிப் போட்டது என்பது சரித்திரத்தில் நிற்கத்தான் நிற்கும். சுயராஜ்யத்துக்காகப் பாடுபட்டவர்கள்தாம் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள்.

வரிச் சுமையும் சேர்ந்து அவரை ஆத்திரங் கொள்ளச் செய்தது. 1950-களில் தம் கையால் ஆன ரேடியோ முதலிய பொருள்களைப் பலர் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். இதை நாம் ஆதரிக்க முடியாது. கழற்றியதை மறுபடி பூட்டியதால் பெரியவரானவர் அவர். பூட்ட முடியாதபடி உடைப்பது அவருக்கே அடாத காரியம். அந்த ரேடியோக்கள் நாலு பள்ளிக்கூடங்களுக்குப் போயிருந்தால் நாலு பிள்ளைகள் திருப்புளி கொண்டு அவற்றைத் திறந்து பார்த்திருப்பார்கள். கோபத்தின் நியாயம் வேறு, அது சென்ற வழி வேறு.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். 2025 அக்டோபரில் கோயமுத்தூர் அவிநாசி சாலையின்மேல் கட்டப்பட்ட, 10 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரால் திறக்கப்பட்டது. அதே சாலையின் ஓரத்தில் அவர் நினைவுக் கண்காட்சி சாலையில் அவர் சேர்த்தவையும் செய்தவையும் வைக்கப்பட்டிருக்கின்றன. ராஜபாளையத்து மில் ஃபிட்டர்கள் உதிரிப் பாகம் வாங்கக் கோயமுத்தூர் செல்லும்போது, அரை நாள் மிச்சம் பிடித்து, வேலை பழகும் பையனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் வரலாம்.