ஷஹீத் திப்பு சுல்தானும் தவக்குலும்



மாதம் பிறந்தவுடன் சம்பளம் கைக்கு வருகிற காலத்தில், ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்தான் என்று நாவால் மொழிவது எளிது. வேலை போய், வாடகை பாக்கி நின்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தலைக்குமேல் நிற்கும்போது அதே வார்த்தை உள்ளத்திலிருந்து வருகிறதா என்பதே கேள்வி. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காத மஹல்லா இருக்காது. ஆர்டர் குறைந்தது என்று கம்பெனியில் ஷிப்டைக் குறைக்கிறார்கள்; முதலில் நிற்பவன் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவன் வீட்டுப் பெண்மணி கழுத்திலிருப்பதைக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்புகிறாள். ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்து, அல்லாஹ்வை நம்பித்தானே இருந்தோம், ஏன் இப்படி ஆயிற்று என்று கண்கலங்குவோர் உண்டு.

இந்தக் கேள்விக்கு மறுமொழியாக, நம் ஊர் மண்ணோடு தொடர்புடைய ஒருவரின் வாழ்க்கையைச் சிந்திக்க விரும்புகிறோம். வீரத்திற்கு உவமையாக அவர் பெயரைச் சொல்லுவோர் பலர். அவர் இழந்தவற்றையும், இழந்தபின் நடந்துகொண்ட முறையையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவர்தாம் மைசூர்ப் புலி ஷஹீத் திப்பு சுல்தான் (ரஹ்).

பிறப்பும் பொறுப்பும்

பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் 1750-ஆம் ஆண்டு ஹைதர் அலிக்கும் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் வலியுல்லாஹ்வின் நினைவாகவே அவருக்கு அப்பெயர் இடப்பட்டது. ஆக, கன்னட நாட்டின் சுல்தானுக்குப் பெயர் கிடைத்தது நம் தமிழ் மண்ணிலிருந்து.

1782 டிசம்பரில் ஹைதர் அலி சித்தூரை அடுத்த பாசறையில் காலமானபோது, திப்பு மலையாளக் கரையில் போர்முனையில் இருந்தார். தந்தையின் ஜனாஸாவுக்கும் வந்துசேர முடியாத தூரம். துக்கம் தீருமுன் அரசுச் சுமையும் கும்பெனியாரோடு நடந்துகொண்டிருந்த போரும் சேர்ந்து அவர் தோளில் இறங்கின. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு அந்தப் போர் முடிந்தது.

மார்க்க அனுஷ்டானத்தில் அவருக்கிருந்த பற்றை நூலாசிரியர்கள் பலர் குறித்துள்ளனர். ஸுபுஹுத் தொழுகைக்குப்பின் குர்ஆன் ஓதிய பிறகே அரசுப் பணிக்குச் செல்வார். மதுவினால் கஜானாவுக்கு வந்த வருமானத்தைப் பொருட்படுத்தாமல் மதுவிலக்கை ஆணையிட்டார். ஹராமான வழியில் வரும் காசு போனால் ஹலாலான வழியில் அல்லாஹ் தருவான் என்ற உறுதி இல்லாதவர் இதைச் செய்ய முடியுமா?

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் கட்டிய மஸ்ஜிதே அஃலா 1787-ல் நிறைவுற்றது. அதன் முதல் தொழுகையைப்பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியொன்று உண்டு. பருவமடைந்த நாள்முதல் தொழுகையைக் களாவாக்காத ஸாஹிபுத் தர்தீப் ஒருவரே இமாமாக நிற்கவேண்டும் என்று அறிவிக்கப்பட்டதாம். கூடியிருந்த ஆலிம்களும் பெரியோர்களும் தயங்கி நிற்க, கடைசியில் சுல்தானே முன்சென்று தொழ வைத்தார் என்பர். போர்க்களத்தில் வளர்ந்த ஒருவரைப்பற்றி மக்கள் இப்படியொரு செய்தியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள் என்பதே அவர் எப்படி நினைக்கப்பட்டார் என்பதற்குச் சான்று.

சோதனை வந்தது

1790-ல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. கும்பெனியார், மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் என மூன்று பேர் ஒருபுறம். சுல்தான் தனியாக மறுபுறம். உதவி தேடாமல் அவர் உட்கார்ந்திருக்கவில்லை. போருக்கு முன்னரே 1786-ல் துருக்கி கலீஃபாவின் தலைநகருக்குத் தூதுக்குழுவை அனுப்பினார். பிரான்சு மன்னரிடமும் தூதர்கள் சென்றனர். மரியாதைகள் கிடைத்தன, படை வரவில்லை.

1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. ஜூலையில் ஓசூரும், அதையடுத்து ராயக்கோட்டையும் வீழ்ந்தன. நவம்பர் 7-ஆம் நாள் கிருஷ்ணகிரிமீது மாக்ஸ்வெல் என்ற தளபதி தாக்குதல் தொடுத்தார். சையத் பாஷா மலை என்று நாம் அழைக்கும் அந்தக் குன்றின் உச்சிக்கோட்டை பணியவில்லை. ஏற முயன்ற கும்பெனிப்படை திரும்ப நேர்ந்தது. ஆயினும் 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணமே முற்றுகைக்குள்ளாயிற்று. சுல்தான் உடன்படிக்கைக்கு இணங்க வேண்டியதாயிற்று.

அதன் நிபந்தனைகளைக் கேளுங்கள்: நாட்டில் பாதி போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் ஈட்டுத்தொகை. அது தீரும்வரை சுமார் பத்து வயதான அப்துல் காலிக், எட்டு வயதான முயிஸுத்தீன் ஆகிய இரு செல்வங்களும் பகைவரிடம் பிணையாக இருக்கவேண்டும்!

போர் கொள்ள முடியாத கிருஷ்ணகிரிக் கோட்டையைக் காகிதம் கொண்டுபோயிற்று. பாராமகால் முழுவதும் கும்பெனியார் வசமாகி, கர்னல் ரீடும் அவருக்குத் துணையாக தாமஸ் மன்றோவும் வரிவசூலுக்கு வந்தார்கள். ஓசூர்ப் பகுதி மட்டும் சுல்தானிடமே நின்றது. இன்று ஒரே மாவட்டத்திலிருக்கும் ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1792 முதல் 1799 வரை ஏழாண்டுகள் இருவேறு அரசுகளின் கீழிருந்தன.

யஅகூப் நபியின் பாடம்

பெற்ற பிள்ளைகளைப் பகைவர் பாசறைக்கு அனுப்பும் தந்தையின் நிலை எப்படியிருக்கும்? திருக்குர்ஆன் இதற்கு முன்மாதிரி காட்டுகிறது. யூஸுஃப் (அலை) அவர்களை இழந்து கண்ணீர் வடித்த யஅகூப் (அலை) அவர்கள், பஞ்சகாலத்தில் தானியத்திற்காக இளைய மகன் புன்யாமீனையும் மிஸ்ருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் சும்மா அனுப்பிவிடவில்லை. மக்களிடம் அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி வாங்கினார்கள். ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையும்படி அறிவுரை சொன்னார்கள். இவையெல்லாம் அல்லாஹ்வின் விதியைத் தடுத்துவிடா என்பதையும் உடனே தெளிவாக்கி, அவன்மீதே பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

இதுதான் தவக்குல். முயற்சி முழுவதும் கையில். நம்பிக்கை முழுவதும் அல்லாஹ்விடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழியும் இதுவே. ரிஸ்க்குக்கு அவர்கள் சொன்ன உவமையிலும் பறவை காலையில் கூட்டைவிட்டுப் புறப்படுகிறது. பிறகுதான் வயிறு நிறைந்து திரும்புகிறது. கூட்டில் உட்கார்ந்திருந்த பறவையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உவமையாகச் சொல்லவில்லை.

இழந்தபின் செய்தவை

1792-க்குப் பின் சுல்தான் பஞ்சணையை விட்டுவிட்டுத் தரையில் முரட்டுக் கித்தான் விரித்துப் படுத்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. துக்கத்தில் மூழ்கிக் கிடக்கவில்லை. ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்தி முடித்தார். அதில் ஒரு பங்கு மக்களிடமிருந்தே திரட்டப்பட்டதால் குடிகளுக்கும் அது பெரும் பாரமாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1794-ல் இரு மக்களும் நலமாகத் தந்தையிடம் திரும்பினர்.

தொழில்களையும் அவர் விடவில்லை. வங்காளத்திலிருந்து பட்டுப்புழு தருவித்து மைசூர்ச் சீமையில் பட்டுத்தொழிலை நிலைபெறச் செய்ய அவர் எழுதிய ஆணைகள் உள்ளன. இன்று ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மல்பெரித் தோட்டங்களும் கூட்டுப்புழு வியாபாரமும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. மைசூர்ச் சீமையில் அன்று வேர்விட்ட தொழிலின் நிழல்தான் எல்லையிலுள்ள நம்மீதும் விழுகிறது. ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ உண்டால் நட்டவருக்கு ஸதகாவின் நன்மை உண்டு என்ற நபிமொழியை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. பாதி நாடு போனபின், காவிரிக்குக் குறுக்கே பெரிய அணை கட்ட அவர் அடித்தளமிட்டார். அதைக் குறிக்கும் பார்ஸிக் கல்வெட்டு, 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியபோது வெளிப்பட்டது. இன்றும் அங்கே வைக்கப்பட்டுள்ளது. தொடங்குவது தம் பொறுப்பு, முடித்துத் தருவது அல்லாஹ்வின் பொறுப்பு என்ற கருத்து அதில் பொறிக்கப்பட்டுள்ளது. சுல்தானின் ஆயுளில் அந்த அணை எழவில்லை. ஆனால் அதே ஆற்றில் அணை எழுந்தது, வயல்கள் விளைந்தன. தவக்குலுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இறுதி நாள்

1799-ல் கும்பெனிப்படை வேலூரிலிருந்து புறப்பட்டு, நம் ராயக்கோட்டை வழியாகவே மைசூர் எல்லைக்குள் புகுந்தது. மே 4-ஆம் நாள் சனிக்கிழமை, ஹிஜ்ரி 1213 துல்கஅதா மாதத்தின் இறுதி நாட்களில், பகல் வேளையில் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை உடைந்தது. உணவுக்கு அமர்ந்திருந்த சுல்தான் பாதியில் எழுந்து வாளெடுத்துச் சென்றார். அன்றிரவு தீவட்டி வெளிச்சத்தில், கோட்டை வாசலருகே குவிந்து கிடந்த ஜனாஸாக்களுக்கிடையில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. மறுநாள், தந்தைக்காகத் தாமே எழுப்பிய கும்பஸில் பெற்றோர் அருகே அடக்கப்பட்டார். அந்த ஆண்டிலேயே ஓசூரும் கும்பெனியார் கைக்குப் போயிற்று.

அவருடைய போர்களையும் ஆட்சியையும்பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கடும் கருத்து வேற்றுமை உண்டு. குடகிலும் மலபாரிலும் அவர் நடவடிக்கைகளைக் குறைகூறுவோர் உள்ளனர். மராட்டியப் படையால் கொள்ளையடிக்கப்பட்ட சிருங்கேரி மடத்துக்கு 1791-ல் அவர் உதவியதற்குக் கடிதச் சான்றும் உள்ளது. அந்த வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமல்ல. நபிமார்களைத் தவிர மற்ற மனிதர் தவறுக்கு அப்பாற்பட்டவரல்லர். இழப்பின்போது ஒரு முஃமின் எப்படி நிற்க வேண்டும் என்ற ஒன்றையே நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

தவக்குல் தோற்றதா?

அல்லாஹ்வை நம்பியவர் நாட்டையும் உயிரையும் இழந்தாரே என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். தவக்குல் என்பது அல்லாஹ்வோடு செய்யும் வியாபாரம் அன்று. இவ்வளவு நம்பினேன், இவ்வளவு கொடு என்று கேட்பதற்குப் பெயர் பேரம். தன்மீது பொறுப்பு ஒப்படைத்தவனுக்குத் தானே போதுமானவன் என்றுதான் அல்லாஹ் வாக்களித்திருக்கிறான். போன வேலை அதே சம்பளத்தோடு திரும்பும் என்று வாக்களிக்கவில்லை. உஹதுப் போரில் எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய தவக்குல் குறையுடையது என்று எவரும் சொல்லத் துணிவரா?

சுல்தானின் மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10-ல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். தந்தையை இழந்தபோது சிறு பிள்ளையாயிருந்த குலாம் முஹம்மது, நாற்பதாண்டுகளுக்குப் பின் தமக்குச் சேரவேண்டிய உதவித்தொகைப் பாக்கி கிடைத்தபோது, அதற்கு அல்லாஹ்வுக்கு நன்றியாக 1842-ல் கல்கத்தா தர்மதலாவில் ஒரு மஸ்ஜிதைக் கட்டினார். அது இன்றும் திப்பு சுல்தான் மஸ்ஜித் என்றே அழைக்கப்படுகிறது. அரண்மனை போயிற்று, அரசு போயிற்று. ஸஜ்தா மட்டும் வாரிசுக்கு வந்து சேர்ந்தது.

நமக்குள்ள கடமை

வேலையிழந்த சகோதரரே! தொழுகையை இழந்துவிடாதீர். காலையில் எழுந்து கதவுகளைத் தட்டும். நேற்றுவரை மேஸ்திரியாக இருந்தவர் இன்று தள்ளுவண்டி தள்ளுவதில் இழிவில்லை. ஹலாலான உழைப்பு எதுவும் இழிவன்று. வாங்கிய கடனை மறைக்காதீர். கொடுத்தவரைச் சந்தித்துத் தவணை கேளும். பகைவருக்குக் கொடுத்த வாக்கையே சுல்தான் நிறைவேற்றினார் எனில், நம் சகோதரருக்குக் கொடுத்த வாக்கு எம்மாத்திரம்! அவசரத்துக்கு வட்டியை நாடி ஒரு கஷ்டத்தை ஒன்பதாக்கிக் கொள்ளாதீர்.

வசதியுள்ள பெரியோர்களே! தவக்குல் என்பது நீங்கள் பசித்தவனுக்குச் சொல்லும் உபதேசமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. அவனுக்குரிய ரிஸ்க்கை அல்லாஹ் உங்கள் பெட்டியில் வைத்திருக்கலாம். கடனில் மூழ்கியவர்களை ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் ஒருவராக அல்லாஹ் குறிப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் வேலையிழந்த வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்கள் வாய்திறந்து கேட்குமுன் மானம் காத்து உதவவேண்டும். வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை ஏற்படுத்துவது இன்றைய நிலையில் மிக அவசியம். அடகுக் கடைக்குப் போகும் ஒரு தாலிச் சங்கிலியை நம் பைத்துல்மால் தடுத்து நிறுத்தினால், அந்த வீட்டார் அல்லாஹ்வின் மீது வைத்த நம்பிக்கைக்கு நாமும் ஒரு காரணமாக ஆகிறோம்.

யா அல்லாஹ்! கொடுக்கும்போது நன்றியையும் எடுக்கும்போது பொறுமையையும் எங்களுக்கு அருள்வாயாக! ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்கி, உன்னைத் தவிர வேறெவரிடமும் தேவையற்றவர்களாக ஆக்குவாயாக! உன் பாதையில் உயிர்நீத்தோர் அனைவரின் கப்ருகளையும் ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.