பாலஸ்டியர் சாலைக்குப் பெயர் தந்த அமெரிக்கர்

சிராங்கூன் சாலையை ஒட்டிய பாலஸ்டியர் சாலை, சிங்கப்பூரில் பணியாற்றிய முதல் அமெரிக்கத் தூதர் ஜோசப் பாலஸ்டியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1830களில் இங்கு வந்த அவர், சுமார் 1,000 ஏக்கரில் கரும்புத் தோட்டம் போட்டார்.

அவருடைய மனைவி மரியா, அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரர் பால் ரெவியரின் மகள். ரெவியரின் தந்தையோ பிரான்சிலிருந்து சிறுவனாக பாஸ்டனுக்கு வந்து, பொற்கொல்லரிடம் தொழில் பழகியவர்.

ரெவியர் குடும்பத்தின் வார்ப்புப் பட்டறையில் உருவான மணி ஒன்றை 1843ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு மரியா வழங்கினார். இரவு 8 மணிக்கு அது ஒலிக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

மறு ஆண்டே ஒரே மகன் இறந்தார். 1847ல் மரியாவும் மறைந்தார். தோட்டமும் நொடித்தது. பாலஸ்டியர் தனியாளாகவே சிங்கப்பூரைவிட்டுப் புறப்பட்டார்.

மணி இன்று தேசிய அரும்பொருளகத்தின் சொத்து. குடும்பப் பெயரைச் சாலை காத்து வருகிறது.